அடைக்கோழியின் உத்தியோகம்

பிற்காலத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் மனைவியாக விளங்கிய லிவியா, அதற்கு முன்னால், முதல் கணவனோடு வாழ்ந்த காலத்தில் கர்ப்பவதியாக இருந்தாள். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஆவல். அடையிலிருந்த கோழியின் கீழிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். அதைத் தன் மார்போடு அணைத்து வைத்துக்கொண்டாள். தான் வேறு வேலையாக எழுந்தால் தாதியின் மடிக்கு மாற்றுவாள். சூடு மட்டும் ஆறக்கூடாது. இப்படியே நாட்கள் கழிந்து, கடைசியில் முட்டை உடைந்து, அழகிய கொண்டையோடு ஒரு சேவற்குஞ்சு வெளிவந்ததாம். பிறக்கும்போதே குஞ்சுக்குக் கொண்டை ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். சரித்திர ஆசிரியர் ஸ்விடோனியஸ் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய? கி.மு. 42-ல் லிவியாவுக்குப் பிறந்ததும் ஆண் குழந்தைதான். அவன்தான் பின்னாளில் டைபீரியஸ் சக்கரவர்த்தி.

அரிஸ்டாட்டில் சொல்லும் கதை இதைவிட ருசியானது. சைரக்யூஸ் நகரத்தில் ஒரு பெருங்குடியன் இருந்தானாம். தன் கோரைப்பாயின் கீழே மண்ணில் முட்டைகளைப் புதைத்துவிட்டு, அவை பொரிகிற வரையில் மேலே உட்கார்ந்து குடித்துக்கொண்டே இருப்பானாம். உலகத்தில் குடிக்குச் சொல்லப்பட்ட சாக்குகளில் இதற்கு இணையானது இன்னும் என் காதில் விழவில்லை.

சக்கரவர்த்தினி ஆகப்போகிறவளும் குடிகாரனும் செய்தது ஒரே காரியந்தான். அடைக்கோழியின் உத்தியோகத்தைச் சிலநாள் தாங்கள் பார்த்தார்கள். அந்த உத்தியோகத்தை மனிதன் கோழியிடமிருந்து கொஞ்சங் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டதுதான் கோழி வளர்ப்பின் சரித்திரம். கோழியிடமிருந்து பிடுங்கியபோது கூடவே வேறொருத்தியிடமிருந்தும் ஏதோ ஒன்று போயிற்று. யாரிடமிருந்து, என்ன போயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உத்தியோகம் என்னவென்று பார்த்துவிடலாம். இருபத்தொரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். மனித உடம்பின் சூட்டைவிடச் சற்றே அதிகமாக, ஏறத்தாழ 100 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் முட்டைகளின்மேல் இடைவிடாமல் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அலகாலும் காலாலும் முட்டைகளை நாளுக்குப் பலமுறை புரட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உருவாகும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். நாளுக்கு ஒருமுறை, கால் மணி நேரமோ இருபது நிமிஷமோ எழுந்து, அவசர அவசரமாக இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்பிவிட வேண்டும். பொரிப்பதற்கு முதல் நாள் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு மெல்லக் கூப்பிடும். தாய் தொண்டைக்குள்ளேயே பதில் சொல்லும். பெற்றவளும் பிள்ளையும் முகம் பார்க்கும் முன்பே பேச்சுத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் கிராமத்தில் என் பெரியம்மா கோழியை அடை வைப்பதைச் சிறுவயதில் நான் பார்த்ததுண்டு. கேழ்வரகுப் பானைக்குள் சேர்த்து வைத்த முட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பார்ப்பாள். தளும்பினால் கூமுட்டை, ஒதுக்கிவிடுவாள். பழைய கூடையில் மணலைப் பரப்பி, வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையாகப் பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பாள். பிறகு கூடையின் ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஒரு இரும்புத் துண்டு. இரும்பு எதற்கு என்றால், இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகுமாம். இரும்பு இருந்தால் இடி அண்டாதாம். இது எங்கள் ஊருக்கே உரிய மூடநம்பிக்கை என்று பட்டணத்துப் படிப்பின் மிதப்பில் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா என்பவர் சொல்லியிருப்பதைப் படித்தேன். அவர் நாட்டிலும் அடை முட்டையை ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். வைக்கோலுக்கு அடியில் பூண்டும் இரும்பாணியும் போடுவார்கள். எதற்காக? இடி இடித்துக் கரு சாகாமல் இருப்பதற்காக! மிளகாய் அன்று ஐரோப்பாவிலும் கிடையாது, நம் நாட்டிலும் கிடையாது. அமெரிக்காவிலிருந்து பல நூற்றாண்டு கழித்து வந்த சரக்கு. ஆக, பூண்டு போன இடத்தில் எங்கள் பெரியம்மா மிளகாயை வைத்துக்கொண்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆணி மட்டும் மாறவில்லை.

குஞ்சு பொரித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் இறக்கைக்கடியில் ஓடி ஓடிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தால் தாய் ஒரு விதமாகக் கத்தும். குஞ்சுகள் அத்தனையும் ஒரு நொடியில் மறைந்துவிடும். இரை கண்டால் வேறு விதமாகக் கூப்பிடும். பெரியம்மாவின் பங்கும் இதில் உண்டு. ஒரு மண்பானையில் வைக்கோலும் சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் புற்றின்மேல் கவிழ்த்து வைப்பாள். விடிந்து எடுத்தால் பானைக்குள் கரையான் மொய்த்துக் கிடக்கும். பஞ்சாரத்தின் முன்னால் அதைக் கொட்டினால் குஞ்சுகள் பறந்து பறந்து பொறுக்கும். நொய்யரிசியைவிட அதில்தான் குஞ்சுக்குச் சதை பிடிக்கும் என்பாள். புரதச் சத்து என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. இவ்வளவு பார்த்தும் பருந்து, காக்கை, கீரி, பூனை, சீக்கு என்று பாதிக்குப் பாதி போய்விடும். மிச்சமிருப்பது வளர்ந்தால் அதுதான் லாபம்.

அந்த லாபம் யாருடையது? இங்கேதான் நம் கதையின் உயிர்நாடி இருக்கிறது. வயல் பெரியப்பாவுடையது, மாடு பெரியப்பாவுடையது, நெல் விற்ற பணம் அவர் மடியில். கோழியும் முட்டையும் மட்டும் பெரியம்மாவுடையவை. சந்தையில் ஒரு சேவல் விற்றால் அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதுதான் சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் முடிந்து வைத்த அந்தக் காசில்தான் எங்களுக்குச் சிலேட்டும் பலகாரமும் வந்தன. கோழி வாங்க வக்கில்லாத பெண்ணுக்கும் வழியுண்டு. ஒருத்தி தன் கோழியை இன்னொருத்தியிடம் வாரத்துக்கு விடுவாள். பார்த்து வளர்ப்பவளுக்குக் குஞ்சில் பங்கு. பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

பெண்கள் முட்டையைக் கொண்டு கொடுத்துக் குஞ்சாக வாங்கும் இந்த வாரப் பேச்சு எகிப்து தேசத்தில் வேறு உருவத்தில் பல நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. அடைக்கோழிக்கு முதல் போட்டி கிளம்பியதும் அங்கேதான். அரிஸ்டாட்டில் காலத்திலேயே, எகிப்தியர் முட்டையை எருக்குழியில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்ற செய்தி கிரேக்க நாட்டுக்கு எட்டியிருந்தது. பிறகு அதற்கென்றே பச்சைச் செங்கல்லால் பெரிய பெரிய அடுப்பு வீடுகள் எழும்பின. நடுவே ஒரு நீண்ட நடை. இருபுறமும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகள். மேல்தட்டில் காய்ந்த சாணமும் வைக்கோலும் புகைந்துகொண்டிருக்கும். வேலைக்காரர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே படுத்து, அங்கேயே எழுந்து, முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். முட்டைக்குள் வளரும் குஞ்சு பாதி நாள் கழிந்தபின் தானே உஷ்ணம் விடத் தொடங்கும். ஆகையால் அதற்குப் பிறகு நெருப்பைத் தணித்துவிடுவார்கள். உஷ்ணமானி இல்லாத காலம். சூட்டை எப்படி அளந்தார்கள் என்கிறீர்களா? முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் சொல்லிவிடும். வித்தை அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள்.

கூலிப் பேச்சும் நியாயமானது. மூன்று முட்டை கொடுத்தால் இரண்டு குஞ்சு திருப்பித் தரவேண்டும். மிஞ்சியதும் நஷ்டமும் அடுப்புக்காரன் பாடு. பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வலம்வந்த மாண்டவில் யாத்திரை நூலில் கெய்ரோ நகரத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பெண்கள் முட்டைகளைக் கொண்டுவந்து பொது அடுப்பில் விட்டுப் போவதும், சில வாரம் கழித்து வந்து குஞ்சுகளை வாங்கிப் போவதும் அதில் வருகிறது. நாய்முக மனிதரைப் பற்றியெல்லாம் அளக்கிற புத்தகம் அது. அதிலுள்ள நிஜங்களில் இந்தக் கோழிக்குஞ்சு ஒன்று. இதில் கவனிக்க வேண்டியது, அடைக்கோழியின் வேலை அடுப்புக்குப் போன பிறகும் முட்டை பெண்ணுடையதாகவே இருந்தது, குஞ்சும் அவளிடமே திரும்பி வந்தது என்பதுதான். அந்த அடுப்புகளில் சில இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் எகிப்தில் புகைந்துகொண்டிருந்தன.

பிரெஞ்சு விஞ்ஞானி ரேமியூருக்கு இந்த எகிப்திய வித்தையைத் தம் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்று ஆசை. 1730-ல் தம் பெயராலேயே ஓர் உஷ்ணமானி செய்தவர் அவர். ஆகவே கண்ணிமை அவருக்குத் தேவைப்படவில்லை. சூடான குதிரை எருவுக்குள் பீப்பாய்களைப் புதைத்து, அவற்றுக்குள் முட்டைகளை அடுக்கிப் பொரிக்க வைத்தார். 1749-ல் அதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். பொரித்தாயிற்று, பிறந்த குஞ்சுகளுக்கு இறக்கை வேண்டுமே? ஒரு பெட்டி செய்தார். ஒருபக்கம் உயரமாகவும் ஒருபக்கம் தாழ்வாகவும் சரிந்த கூரை; உட்புறம் முழுவதும் மயிரோடு கூடிய ஆட்டுத்தோல். குஞ்சுகள் உள்ளே நுழைந்து முதுகை அந்த மயிரில் உரசிக்கொண்டு நிற்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘செயற்கைத் தாய்’. இன்று பண்ணைகளில் தொங்கும் விளக்குக் குடைகள் எல்லாம் அந்த ஆட்டுத்தோல் பெட்டியின் வாரிசுகளே. ரேமியூர் பெரிய மனிதர்தான். ஆனாலும் பருந்தின் நிழலைக் கண்டு கத்துகிற பெட்டியை அவரால் செய்ய முடியவில்லை. இன்றுவரை யாராலும் முடியவில்லை. அதற்குப் பதிலாகக் குஞ்சுகளை வானமே தெரியாத கொட்டகைக்குள் அடைத்துவிட்டார்கள்.

அதைச் செய்தவர்கள் அமெரிக்கர்கள். கலிபோர்னியாவில் பெட்டலூமா என்று ஒரு சிற்றூர். 1879-ல் லைமன் பைஸ் என்ற இளைஞர், ஐசக் டயஸ் என்ற பல் வைத்தியரோடு சேர்ந்து, உஷ்ணம் ஒரே நிலையில் நிற்கும்படியான அடைப் பெட்டி ஒன்றை அங்கே செய்தார். சில வருஷங்களில் ஊரைச் சுற்றிய குன்றெல்லாம் வெள்ளைக் கோழிகளால் நிறைந்தது. ‘உலகத்தின் முட்டைக் கூடை’ என்று அந்த ஊர் தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டது. அடைப் பெட்டி வந்தபின் அடைக்கோழி வேண்டாதவளாகிவிட்டாள். வேண்டாதவள் மட்டுமல்ல, நஷ்டக்காரி. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். குஞ்சைப் பிரிந்தால்தான் மறுபடி இடும். அதனால் அடைக்கு உட்காரும் சுபாவமே இல்லாத ஜாதியைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார்கள். இத்தாலியத் துறைமுகத்தின் பெயர் கொண்ட வெள்ளை லெகார்ன் அப்படிப்பட்டது. நம் நாட்டுக்கோழி ஒரு வருஷத்தில் அறுபது எழுபது முட்டையோடு நிற்கும். லெகார்ன் வழிவந்த இன்றைய கலப்புக் கோழி முந்நூறைத் தாண்டுகிறது. ஆனால் தன் முட்டையின்மேல் ஒருநாள்கூட உட்காராது. எங்கள் ஊரிலும் அடைக்கு உட்கார்ந்து ‘கேறுகிற’ கோழியைத் தெளிவிக்க, தண்ணீரில் முக்கி எடுப்பதும் மூக்குத் துளையில் ஓர் இறகைச் செருகுவதும் உண்டு. அது சில நாளைக்குச் செய்கிற குறும்பு. அமெரிக்கர் செய்தது பரம்பரைக்கே செய்தது.

இனிக் குஞ்சுகளின் பிரயாணம். இயற்கை இதில் மனிதனுக்கு ஓர் எதிர்பாராத உதவி செய்திருக்கிறது. பொரிப்பதற்குச் சற்று முன்னால், முட்டையில் மீந்திருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளைக்குப் போதும். தீனியும் தண்ணீரும் இல்லாமலே குஞ்சு உயிரோடிருக்கும். இது தாய்க்காக ஏற்பட்ட ஏற்பாடு. எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. கடைக்குட்டி வெளிவரும் வரையில் தாய் எழுந்திருக்க முடியாது. முதலில் பிறந்தது அதுவரை பசி தாங்க வேண்டும். தாய் காத்திருப்பதற்காகக் கொடுத்த அந்த அவகாசத்தை மனிதன் ரயில்வே கால அட்டவணைக்கு உபயோகித்துக்கொண்டான். 1892-ல் நியூஜெர்சி மாகாணத்திலிருந்து பிறந்த குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1918-ல் அமெரிக்கத் தபால் இலாகாவே குஞ்சுகளைப் பார்சலாக ஏற்றுக்கொண்டது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது நிபந்தனை. மூலை முடுக்குக் குடியானவன் வீட்டுக்கெல்லாம் கிறீச் கிறீச்சென்று கத்தும் அட்டைப் பெட்டிகள் வரலாயின. பெட்டியில் காற்றோட்டத்துக்கு வட்ட வட்டமாகத் துளைகள் இருக்கும். தபால்காரர்களுக்கு அந்த வசந்தகாலம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பெட்டியைத் திறந்தால் ஒரு சங்கடம். பாதி சேவல், பாதி பெட்டை. எது எதுவென்று பிறந்த குஞ்சில் தெரியாது. லிவியாவின் பழைய ஆவல்தான், ஆனால் இப்போது லட்சக்கணக்கில். 1920களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான மசூயியும் ஹஷிமோட்டோவும் அதற்கு வழி கண்டார்கள். குஞ்சை இடது கையில் தலைகீழாய்ப் பிடித்து, கழிவுத் துவாரத்தை விரலால் விரித்தால், ஊசிமுனை அளவு ஒரு சிறு முடிச்சு தெரியும். அதன் உருவத்தில் உள்ள வித்தியாசந்தான் அடையாளம். பழகிய கைகள் மணிக்கு ஆயிரம் குஞ்சுகளைப் பிரித்துவிடும். ஜப்பானிய நிபுணர்கள் கடல் கடந்து போய், அமெரிக்கப் பொரிப்பகங்களில் விளக்கடியில் உட்கார்ந்து பிரித்துத் தள்ளினார்கள். வலப்பக்கப் பெட்டியில் விழுந்தது பெட்டை, அதற்கு விலையுண்டு. இடப்பக்கத்தில் விழுந்தது சேவல். முட்டைக்கென்று பெருக்கிய ஜாதியில் சேவலுக்குச் சதையும் பிடிக்காது, முட்டையும் கிடையாது. அவற்றைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவது வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022-ல்தான் இதைச் சட்டத்தினால் தடுத்தது. அங்கே இப்போது முட்டைக்குள்ளேயே ஆண் பெண் பார்த்துவிடுகிறார்கள்.

நம் ஊர்த் திருவிழாக்களில் பச்சை, ரோஜா, ஊதா என்று சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பார்களே, அவை பெரும்பாலும் இந்த இடப்பக்கப் பெட்டியிலிருந்து வருபவைதாம். எங்கள் தெருவிலும் ஒருவன் கொண்டுவந்தான். என் தங்கை மகள் அடம் பிடித்து இரண்டு வாங்கினாள். அட்டைப் பெட்டியில் பழந்துணி போட்டு, அரிசி போட்டு, கிண்ணத்தில் பாலும் வைத்தாள். எல்லாம் இருந்தது, சூடு ஒன்றைத் தவிர. மூன்றாம் நாள் காலையில் இரண்டும் விறைத்துக் கிடந்தன. “இதுக்கு அம்மா எங்கே மாமா?” என்று குழந்தை கேட்டாள். இருபத்தைந்து வருஷமாகக் கதை எழுதுகிறவனுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (சொல்லியும் வைக்கிறேன்: சாயக் குஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிடுங்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி.)

இப்போது அந்த இன்னொருத்தியிடம் வருகிறேன். அமெரிக்கக் குடியானவன் வீட்டிலும் கோழி, பெண்ணுடைய சொத்தாகவே இருந்தது. ‘முட்டைக் காசு’ என்று அங்கேயும் ஒரு வார்த்தை உண்டு. நம் சிறுவாடுதான், பாஷை வேறு. டெலாவேர் மாகாணத்தில் ஓஷன் வியூ என்ற கடலோர ஊரில் ஸெஸில் ஸ்டீல் என்ற குடும்பப் பெண் அப்படித்தான் சில முட்டைக் கோழிகளை வளர்த்துவந்தாள். கணவன் கடற்காவல் படையில் உத்தியோகம். வருஷந்தோறும் கழிந்த கோழிகளுக்கு ஈடாக ஐம்பது குஞ்சு தருவிப்பது அவள் வழக்கம். 1923-ல் பொரிப்பகத்துக்காரன் ஒரு பூஜ்யத்தைக் கூடப் போட்டுவிட்டான், வந்திறங்கியவை ஐந்நூறு! வேறொருத்தியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள். ஸ்டீல் அம்மாள் அனுப்பவில்லை. பதினாறடிக்குப் பதினாறடி ஒரு சிறு கொட்டகை போட்டு, நிலக்கரி அடுப்பு வைத்து, அத்தனையையும் வளர்த்தாள். பதினெட்டு வாரத்தில் தப்பிப் பிழைத்தவை 387. முட்டைக்கு வைத்துக்கொள்ளாமல் கறிக்கென்று விற்றாள். கோழி ஏறத்தாழ இரண்டு ராத்தல் எடை. ராத்தலுக்கு 62 சென்ட் விலை. அந்த நாளில் அது கொழுத்த பணம். அடுத்த வருஷம் ஆயிரம் குஞ்சுக்கு எழுதிப் போட்டாள். 1926-ல் பதினாயிரம் குஞ்சுக்குக் கொட்டகை எழும்பிற்று. கணவன் உத்தியோகத்தை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கு வந்து சேர்ந்தான்.

கறிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் அமெரிக்காவில் அங்கிருந்துதான் பெருகிற்று என்பார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள், தாமும் கொட்டகை போட்டார்கள். பிறகு தீனி வியாபாரி குஞ்சையும் தீனியையும் கடனாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னான். பிறகு கம்பெனிகள் வந்தன. குஞ்சும் கம்பெனியுடையது, தீனியும் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது; கொட்டகையும் கடனும் மாத்திரம் வளர்ப்பவனுடையவை. இதுவும் ஒரு வாரந்தான். பெரியம்மாவின் வாரத்தோடும் எகிப்தியனின் மூன்றுக்கு இரண்டோடும் இதை ஒப்பிட்டுப் பார்த்தால், எனக்கு எகிப்தியன் பக்கந்தான் சாய்வு. ஸ்டீல் தம்பதி இந்த முடிவைப் பார்க்க இருக்கவில்லை. 1940-ல் படகு விபத்து ஒன்றில் இருவரும் மாண்டார்கள். அந்தப் பதினாறடிக் கொட்டகையைச் சரித்திரச் சின்னமாகப் பாதுகாத்துவருகிறார்கள். கடுகளவு ஸ்தலம், பல சக்கரவர்த்திகளின் அரண்மனைகளைவிட அதிகமாக உலகத்தின் சாப்பாட்டை மாற்றியிருக்கிறது. முட்டைக் காசுக்காக ஒரு பெண் போட்டது என்பது அதன் விசேஷம்; அது பெருத்தபின் முட்டைக் காசு என்ற வார்த்தையே அங்கே வழக்கொழிந்தது என்பது இன்னொரு விசேஷம்.

நம் பக்கத்தில் அப்படி முற்றும் ஒழிந்துவிடவில்லை. நாமக்கல்லில் லட்சக்கணக்கில் கூண்டுக்கோழி இருக்கிறது என்றாலும், கிராமத்தில் பஞ்சாரம் கவிழ்ந்துதான் இருக்கிறது. நாட்டுக்கோழிக்கும் நாட்டு முட்டைக்கும் பண்ணைச் சரக்கைவிட விலை அதிகம். அந்த விலையைக் கண்டு இப்போது சாலையோரங்களில் ‘நாட்டுக்கோழிப் பண்ணை’ என்று பலகைகள் தொங்குகின்றன. நான் பார்த்தவரையில் பலகையில் இருப்பது ஆண்பிள்ளையின் பெயர்.

பெரியம்மாக்களின் சிறுவாட்டை உண்மையில் அழித்துவந்தது கம்பெனியும் அல்ல, பருந்தும் அல்ல, வெள்ளைக் கழிச்சல். கோடை தொடங்கும்போது வரும். நேற்றுவரை கொக்கரித்த கோழி இன்று சிறகு தொங்கி, வாய் பிளந்து மூச்சு வாங்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றும். ஒரு வாரத்தில் தெருவே காலி. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தருகிலும் இந்த நோயை முதன்முதல் இனங்கண்டார்கள். அடுத்த வருஷமே இமயத்தின் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் அது தோன்றிற்று. ஆகையால் உலகம் நியூகாஸில் வியாதி என்று சொல்வதை நாம் ராணிக்கேத் வியாதி என்கிறோம். பக்கத்து முக்தேஸ்வரத்திலிருந்த கால்நடை ஆராய்ச்சிச் சாலையில்தான் அதற்கு ஓர் ஊசி மருந்தும் பிறந்தது. நல்ல மருந்து, கொஞ்சம் முரட்டு மருந்து. எட்டு வாரம் ஆன கோழிக்கு இறக்கையடியில் போட்டால் காப்பாற்றும். பச்சைக் குஞ்சுக்குப் போட்டால் அதையே கொன்றுவிடும். குஞ்சுக்கு வேறு சாதுவான மருந்து. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டால் போதும்.

மருந்து இருந்தும் பெரியம்மாவுக்கு எட்டவில்லை. காரணம் புட்டியின் அளவு. மருந்துப் புட்டி நூறு கோழி, இருநூறு கோழிக் கணக்கில் வரும், பண்ணைக்காரனுக்காகச் செய்தது. ஐஸ் பெட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஏழு கோழி வைத்திருப்பவள் மிச்சத்தை என்ன செய்வாள்? இந்தக் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் கிடைத்த, சூட்டைத் தாங்கும் ஒரு சாதுக் கிருமியை வைத்து, தீனியோடு கலந்து இறைக்கும் மருந்தை 1980களில் மலேசியக் கிராமங்களில் பரிசோதித்தார்கள். சென்னைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் புறக்கடைக் கோழிகளுக்கென்று தீனிக் குருணை வடிவத்தில் ஒரு தடுப்பு மருந்து செய்தார்கள். பிடிக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். இறைத்தால் கோழியே பொறுக்கிக்கொள்ளும்.

ஆனாலும் இன்றைக்கும் அதிகம் நடப்பது சொட்டும் ஊசியுந்தான். கோடைக்கு முன்னால், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், கால்நடைத் துறையார் ஊர் ஊராக இலவச முகாம் போடுகிறார்கள். முதல் நாளே தெருவுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விடிந்ததும் கூண்டைத் திறந்துவிடும் வழக்கத்தை அன்று ஒருநாள் பெண்கள் நிறுத்தி வைக்க வேண்டும். திறந்துவிட்டால் அப்புறம் சாயங்காலம் வரை கோழி கைக்குச் சிக்காது. உள்ளே சேவல் கூவிக்கொண்டிருக்கும். ஊசிக்காரர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஐஸ் பெட்டியோடு தெருமுனையில் வந்து இறங்குவார். ஒருத்தி பஞ்சாரத்தின் ஓரத்தை ஒரு சாண் தூக்க, இன்னொருத்தி கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். எவள் வீட்டில் எத்தனை என்று அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரியும். வாரத்துக்கு விட்ட கோழிகளைக் கூடச் சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கேயே ஒரு சிறு வழக்கும் நடக்கும்.